எந்த வீட்டு ஊசி

கொஸ்கஹ லேனில் நாற்பத்தொரு வீடுகள். கேற்றில் இருக்கும் இலக்கத்தைப் பார்க்கத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பையைக் கையில் வாங்கினால் போதும், இது இன்னார் வீட்டுக் குப்பை என்று ஷாமிளா சொல்லிவிடுவாள். மில்லகந்த றப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இரத்தினபுரி டவுனுக்கு வந்து, மாநகர சபையின் டிரக்டர் வண்டியோடு குப்பை எடுக்கத் தொடங்கி நாலு வருஷமாகிறது.

மர்லியா ராத்தா வீட்டு யோகட் கோப்பைகள் கழுவிக் காயவைத்து ஒன்றுக்குள் ஒன்று சொருகி வரும். ஒன்பதாம் இலக்கத்து மாடி வீட்டில் சோறும் எலும்பும் பிள்ளையின் பம்பர்ஸும் உடைந்த கிளாஸும் ஒரே சிலிசிலிப் பொலித்தீன் பைக்குள் கிடக்கும். பை மாடியிலிருந்தே வந்து விழும். பிரித்து வைக்கச் சொன்னால், "நாங்கள் வரி கட்டுகிறோம், பிரிப்பது உங்கள் வேலை" என்று அந்த வீட்டு நோனா சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பதினாறாம் இலக்கத்து மாத்தயாவின் வாளி எப்போதும் வெறுமையாகப் பளபளக்கும். அவர் தம் வீட்டுக் குப்பையைக் காரில் கொண்டுபோய்ப் பாலத்திலிருந்து களு கங்கைக்குள் போடுகிறவர் என்பது ஷாமிளாவுக்குத் தெரியும். ஆற்றில் வெள்ளம் வரும்போது லேன்காரர்களில் முதலில் சத்தம் போடுகிறவரும் அவர்தான்.

இருபத்திரண்டாம் இலக்கம் சிவம் ஐயாவின் வீடு. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மனைவி சிவனேஸ்வரி டீச்சர்; கல்யாண வயதில் ஒரு மகள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருஷமானாலும் அந்த வீட்டுக் குப்பையில் ஊர் மாறவில்லை. முருங்கைக்காய்ச் சக்கை, ஒடியல் மா வந்த பை, பனங்கட்டி வைத்திருந்த ஓலைக்குட்டான் எல்லாம் தமிழ்ப் பேப்பரில் பொதியாகச் சுற்றி, நூல் கட்டி, கேற்றின் இடதுபக்கத்தில் இருக்கும்.

அது வைகாசி மாசத்துத் திங்கட்கிழமை. திங்களும் வியாழனும் உக்கும் குப்பை எடுக்கிற நாள். விடியவே தொடங்கிய மழை விடவில்லை. டிரக்டர்காரர் பியதாச தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஷாமிளா பின்பெட்டியில் நின்று பைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டு வந்தாள். உக்கும் குப்பைக்குள் பிளாஸ்டிக் கிடந்தால் பசளைக் கிடங்கில் அந்தக் குவியலே பழுதாகிவிடும். அதனால் ஒவ்வொரு பொதியையும் ஒருதரம் அமுக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. தான் எடுத்த லோட்டைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான்.

நூல் கட்டிய ஒரு தமிழ்ப் பேப்பர்ப் பொதிக்குள், ஓலைக்குட்டானோடு இன்னொரு பொதி இருந்தது. அதற்குள் சோறு சுற்றுகிற லன்ச் ஷீட். அதையும் அமுக்கினாள். சுரீர் என்றது.

கையுறையைக் கழற்றினாள். இடதுகைப் பெருவிரலுக்குக் கீழே குண்டூசித் தலையளவு இரத்தம். லன்ச் ஷீட்டை விரித்தால் ஏழெட்டு இன்சுலின் ஊசிகள், மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள். எல்லாவற்றிலும் செம்மஞ்சள் மூடி இருந்தது. ஒன்றில் மட்டும் கழன்றிருந்தது.

"மொகத நங்கி?" என்ன தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே பியதாச திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கண்டதும் டிரக்டரை நடுலேனிலேயே நிறுத்திவிட்டார். மர்லியா ராத்தா வீட்டுக் குழாயில் கையைக் கழுவ வைத்து, த்ரீவீலர் பிடித்து, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். ஊசியை ஒரு போத்தலில் போட்டு ஷாமிளா கையோடு கொண்டு போனாள். பேப்பர்ப் பொதியையும் ஓலைக்குட்டானையும் அவள் யாருக்கும் காட்டவில்லை.

சிங்கள டாக்டரம்மா வயதில் சின்னவள். பொறுமையாகச் சொன்னாள்: "ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் ஈரலுக்கு வருகிற கிருமி, எச்.ஐ.வி எல்லாம் இப்படியும் தொற்றலாம். இன்றைக்கு இரத்தம் எடுப்போம், ஆறு கிழமையில் ஒருதரம், மூன்று மாதத்தில் ஒருதரம். ஊசி யாருடையது என்று தெரிந்து அவர் வந்து இரத்தம் கொடுத்தால் அடுத்த நாளே சொல்லிவிடலாம். தெரியுமா?"

ஷாமிளா போத்தலிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?"

"எட்டு மாசம், மிஸ். பால் குடிக்குது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "தெளிவாகும்வரை கொடுக்க வேண்டாம்" என்றாள்.

மூன்று மாசம். பஸ்ஸில் வரும்போது ஷாமிளா அதை விரல்விட்டு எண்ணினாள். ஆவணி வந்துவிடும். அதற்குள் பால் வற்றிவிடும்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பாப்பா அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எகிறியது. பிள்ளைகளைப் பார்க்கிற வெள்ளையம்மாதான் அதை மடியில் வைத்துக் கரண்டியால் பால்மா புகட்டினாள். பாப்பா துப்பியது. முகத்தை ஷாமிளாவின் பக்கம் திருப்பித் திருப்பி அழுதது. ஷாமிளா லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியடிக்குப் போய், பாறையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கனத்துப்போயிருந்த மாரைப் பிழிந்தாள். பால் மழைத் தண்ணியோடு சேர்ந்து வாய்க்காலில் ஓடியது.

புருஷன் சுதாகரன் மழையால் றப்பர்ப் பால் வெட்டப் போகாமல் லயத்துக் காம்பராவில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான்.

"நா அப்பவே சொன்னேன்ல? டவுன்காரன் குப்பைய நம்ம ஏன் அள்ளணும்னு? நீ கேட்டியா?"

"கேக்கல. அதுக்கு இப்ப என்னா?"

"என்னாவா? அவன் தின்னுட்டுப் போடுறது, பேண்டுட்டுப் போடுறது, இப்ப குத்திக்கிட்டுப் போடுறதும் நீதான் பொறுக்கணும். லயமே பேசுது, குப்பக்காரி புருசன்னு."

"பேசட்டும்ங்க. மல நாட்டுல கொழுந்து பறிச்சா அட்ட கடிக்குது, பால் வெட்டுனா பாம்பு கடிக்குது. எந்த வேலைல கடி இல்ல? நா ஒருத்தி வேலைய விட்டா அந்த ஊசி வராம நின்னுருமா? வேற ஒருத்தி கையில ஏறும்."

சுதாகரன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு குரலை இறக்கிக் கேட்டான். "எந்த வீடுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்ப சொல்லித் தொலையேன் புள்ள! பாப்பா கெடந்து கத்துது."

"சொல்லுறதுக்கு மொத ஒருக்கா போய்க் கேட்டுட்டு வர்றேன். நாலு சுத்து சுத்தி, நூல் கட்டிப் போட்ருக்காங்க. அவ்வளவு மறைக்கிறாங்கன்னா அவங்களுக்கும் என்னமோ பயம் இருக்கும்ல?"

அன்றைக்கு அவன்தான் பாப்பாவைத் தோளில் போட்டு உலாத்தினான். பால்மாவைத் தன் சுண்டுவிரலில் தோய்த்துச் சப்பக் கொடுத்தான். பசி தாங்காமல் பாப்பா கடைசியில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. ஷாமிளா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

மறுநாள் சபை முற்றத்தில் சுப்பவைசர் பவாஸ் காத்திருந்தார். தொழிலாளிகளில் ஒருவருக்கு அடிபட்டால் தனக்கே அடிபட்டதுபோலக் கொதிக்கிற மனுசன்.

"ஷாமிளா, எந்த வீடுன்னு செல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். லேன் ஆக்கள்ட வட்சப் குறூப்ல போட்டோவோட போட்டு, நாறடிக்காம விடமாட்டேன்."

"தெரியல பவாஸ் நானா."

"பொய் செல்லாதீங்க. ஒங்களுக்குத் தெரியாத குப்ப அந்த லேன்ல ஈக்கா?"

"போட்டோ போட்டா என்னா ஆகும் நானா? அந்த வீட்டு ஆளு நாளைக்கி ஊசிய எங்க போடும்? கங்கைல போடும், இல்லாட்டி அடுத்த வீட்டு வாளில போடும். மத்த வீட்டுல ஊசி போடுறவங்களும் பயந்துருவாங்க. அதுக்கப்புறம் யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. எனக்கு இப்ப வாய் தொறக்கிற ஆளு வேணும்."

பவாஸ் நெற்றியைத் தேய்த்தார். "இந்தக் கெழம முழுக்க லீவு எழுதுறேன்" என்றார். "அதுக்குள்ள ஒங்கட வழில பாருங்க."

பகல் பதினொரு மணிக்கு ஷாமிளா இருபத்திரண்டாம் இலக்கத்துக் கேற்றைத் தட்டினாள். யூனிபோம் போடாமல், கோயிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். சிவனேஸ்வரி டீச்சர் கதவைத் திறந்தவுடன் அவளை அடையாளம் பிடிக்கவில்லை.

"ஆர்? ஓ, குப்பை எடுக்கிற பிள்ளையே. இண்டைக்கு உங்கட நாள் இல்லையே?"

"இல்லைங்க டீச்சர். ஒரு விஷயம் கேக்க வந்தேன். வெளிய நின்னு பேச வேணாம்னு பாக்குறேன்."

டீச்சர் லேனின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேற்றுக்குள் விட்டார். விறாந்தையில் இருக்கச் சொல்லவில்லை. ஷாமிளா நின்றபடியே கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். எந்த வீடு என்று தான் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை என்றாள்.

"ஒருக்கா வந்து ரத்தம் குடுத்தாப் போதும்ங்க டீச்சர். எனக்குப் பால் குடிக்கிற புள்ள இருக்கு."

டீச்சரின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் குரல் வகுப்பறைக் குரலாகத்தான் வந்தது.

"எங்கட வீட்டில ஆருக்கும் ஊசி போடுற வருத்தம் இல்லை. உமக்கு ஆர் சொன்னது எங்கட வீடு எண்டு?"

"பனங்கட்டிக் குட்டான் இருந்திச்சு டீச்சர். இந்த லேன்ல வேற வீட்டுல அது இல்லை."

"குட்டான் கடையிலயும் விக்குது. ஆரும் வாங்கலாம்." டீச்சர் கேற்றின் கொண்டியைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உமக்கு நடந்தது எனக்கும் கவலைதான். ஆனா இப்பிடி வீடு வீடா வந்து பழி சொல்லக் கூடாது. நல்ல காரியம் பேசுற வீடு இது."

நல்ல காரியம். போன மாசம் அந்த வீட்டுப் பொதியில் கேக் பெட்டிகளும் வெற்றிலைக் காம்புகளும் கூடுதலாக வந்தது ஷாமிளாவுக்கு நினைவு வந்தது. அப்படியானால் மகளின் ஊசி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாத ஊசி. அவளுக்குக் கோபம் வந்தது. டீச்சரின் கண் மறுபடி லேனின் இரண்டு பக்கமும் போவதைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நா பழி சொல்ல வரலைங்க. நாளைக்கி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில இருப்பேன். எட்டாம் நம்பர் ரூம்" என்றாள். "வாறேன் டீச்சர்."

மேலே ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை எட்டுமணிக்கு எட்டாம் அறை வாசலில் நீண்ட வரிசை. ஷாமிளா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகப் பாலைப் பிழிந்து ஊற்றி மார் கல்லாகி, காய்ச்சலும் அடித்தது. ஒன்பது மணி. ஒன்பதரை. எழுந்து போகலாம் என்று நினைத்தபோது, அலுவலகச் சேலை கட்டிய ஒரு பெண் வரிசையைத் தாண்டி வந்து அவள் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான் தக்‌ஷிகா. டீச்சற்ர மகள்."

ஷாமிளா எழுந்தாள்.

"இருங்கோ, இருங்கோ. எனக்குப் பதினொரு வயசில இருந்து சீனி வருத்தம். ஒரு நாளைக்கு நாலு ஊசி. நேற்று நீங்கள் கதைச்சது எல்லாம் மேல எனக்குக் கேட்டது." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கீழ இறங்கி வர எனக்கு ஒரு இரவு தேவைப்பட்டிருக்கு. அதுதான் வெட்கம்."

"வந்துட்டீங்கள்ல."

"மூடியைச் சரியாப் போடாதது நான்தான். அம்மா சுத்துற வேலை மட்டும்தான். பதினாறு வருஷமா சுத்துறா. பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் தெரியாது, ஒபிஸில தெரியாது. ரொயிலற்றுக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு நிண்டுதான் ஊசி போடுறனான். அந்தக் குப்பையை ஒராள் கையால தொடுவா எண்டு ஒருநாள்கூட நான் யோசிக்கேல்லை அக்கா. கேற்றுக்கு வெளிய வைச்சால் அது இல்லாமப் போயிடும் எண்டுதான் நினைச்சிருக்கிறன்."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க தங்கச்சி. அது இல்லாம எங்க போகுது? எங்க கிட்டதான் வருது." ஷாமிளா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு கேட்டாள். "கல்யாணப் பேச்சு?"

தக்‌ஷிகா சிரிக்கப் பார்த்தாள். "காலமை அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். இங்க வந்து பேரைக் குடுத்து எழுதின பிறகு, வேற ஆராவது போய்ச் சொல்லி அவர் அறியக் கூடாது. ஒண்டும் சொல்லேல்லை. வீட்டில கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டார்."

டாக்டரம்மா அவளிடம் இரத்தம் எடுத்தபோது ஷாமிளா பக்கத்திலேயே நின்றாள். தினம் நாலு ஊசி போடுகிறவள், அன்றைக்கு ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பி ஷாமிளாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது. தக்‌ஷிகாவின் இரத்தத்தில் ஒரு கிருமியும் இல்லை. "தாராளமாகப் பால் கொடுக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னாள். ஷாமிளா பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள். மூன்று நாளில் பாப்பா மறந்திருக்குமோ என்று அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. பாப்பா முதலில் அவளை முறைத்துப் பார்த்தது. பிறகு சட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடைத்துக்கொண்டிருந்த பால் இறங்கும்போது உயிர் போகிற வலி. அவள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து வெள்ளையம்மா, "மெல்ல குடுடி, பொரையேறப் போகுது" என்று அதட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். சுதாகரன் தடுக்கவில்லை. றப்பர் மரத்தில் மழைத்தடுப்புக்கு ஒட்டுகிற தடித்த பொலித்தீனைக் கையளவுக்கு வெட்டி, கையுறைக்குள் வைக்கும்படி அவளிடம் கொடுத்தான். அது வியர்த்து வழுக்கியது. ஆனாலும் அவள் வைத்துக்கொண்டாள்.

லேனில், சபையிலிருந்து எந்த அறிவித்தலும் வருவதற்கு முன்பே, இருபத்திரண்டாம் இலக்கத்துக் கேற்றடியில் தக்‌ஷிகா நின்றாள். கையில் மூடி இறுக்கிய தடித்த பிளாஸ்டிக் போத்தல். அதற்குள் ஊசிகள் வெளியே தெரிந்தன. "அக்கா, இனி இப்பிடித்தான். குப்பையோட சேராது" என்று லேனுக்கே கேட்கச் சொன்னாள். பவாஸ் ஆஸ்பத்திரியில் பேசி அதை எரிப்பதற்கு ஒழுங்கு செய்திருந்தார். ஷாமிளா அதைப் பின்பெட்டியில் போடாமல் பியதாசவின் இருக்கைக்குக் கீழே ஒரு வாளியில் வைத்தாள்.

வியாழக்கிழமை மர்லியா ராத்தா இரகசியம்போலக் கூப்பிட்டாள். "எங்கட மாமியும் போடுற ஷாமிளா. நாங்க சீனி டின்னுக்குள்ள போட்டு வச்சிக்கிட்டு என்ன செய்றதுண்டு தெரியாம ஈந்தோம்." பின்னால் இன்னும் இரண்டு வீடுகள். நாற்பத்தொரு வீட்டில் நாலு வீட்டில் ஊசி இருந்திருக்கிறது; ஒருவருக்கும் ஒருவரைத் தெரியவில்லை. மாடி வீட்டுப் பை மட்டும் இப்போதும் மேலிருந்துதான் விழுந்தது. பதினாறாம் இலக்கத்து வாளியும் காலியாகவே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கிழமை கழித்து, பொருத்தத்தை இன்னொருதரம் பார்த்ததில் சரிவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தக்‌ஷிகாவே அதைக் கேற்றடியில் சொன்னாள். கண் வீங்கியிருந்தது. "பரவாயில்லை அக்கா. கலியாணத்துக்குப் பிறகும் ரொயிலற்றுக்குள்ள நிண்டு ஊசி போட என்னால ஏலாது" என்றாள். டீச்சர் மட்டும் வெளியே வருவதேயில்லை. டிரக்டர் மணி கேட்டால் உள்கதவு சாத்தும்.

ஆனி மாசம் ஒரு நாள் அடித்த காற்றில் பலாமரக் கிளையொன்று லேன் வாசலில் முறிந்து விழுந்தது. டிரக்டர் உள்ளே போக முடியவில்லை. பியதாச மெயின் ரோட்டில் நிறுத்தி மணியடித்தார். குடையும் வாளியுமாகச் சனம் ஒவ்வொருவராக நடந்து வந்தது. ஷாமிளா கிளைக்கு அப்பால் நின்று வாங்கினாள்.

லேனுக்குள்ளிருந்து சிவனேஸ்வரி டீச்சர் வருவது தெரிந்தது. ஒரு கையில் கடைப்பை. மற்றக் கையில் அந்தப் பிளாஸ்டிக் போத்தல். பேப்பர் சுற்றியிருக்கவில்லை. சேலையைச் சேறு படாமல் தூக்கிப் பிடிக்கக் கையில்லாமல், பதினெட்டு, பதினாறு, பதினாலு என்று ஒவ்வொரு கேற்றாகக் கடந்து வந்தார். மாடி வீட்டு நோனா மேலிருந்து குனிந்து, அது என்ன டீச்சர் என்று சிங்களத்தில் கேட்டாள்.

டீச்சர் நின்றார். ஷாமிளா கிளையில் ஒரு கை வைத்தாள். ஓடிப்போய் வாங்கிவிடலாமா என்றிருந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்து, நல்ல தெளிவான சிங்களத்தில் சொன்னார்:

"மகளின் இன்சுலின் ஊசி. பதினொரு வயதிலிருந்து போடுகிறாள். மூடி கழன்ற ஊசி அந்தப் பிள்ளையின் கையில் ஏறிவிட்டது. அதனால் தனியாகக் கொடுக்கிறோம்."

நோனா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். டீச்சர் கிளையடிக்கு வந்து போத்தலை நீட்டினார்.

"மகள் வேலைக்குப் போயிட்டாள். நான்தான் தரவேணும் எண்டு வந்தனான்." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அண்டைக்கு நான் உமக்குப் பொய் சொன்னன் பிள்ளை."

"தெரியும்ங்க டீச்சர்."

"தெரிஞ்சும் நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"சொல்லி என்னாங்க டீச்சர்? நீங்க சொன்னாத்தானே சரி."

டீச்சர் கடைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். கிளையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "நான் கடைக்குப் போகவேணும். இதைத் தாண்ட ஏலுமோ தெரியேல்லை" என்றார்.

"இருங்க, சறுக்கும். இந்தா வர்றேன்." ஷாமிளா போத்தலை வாளியில் வைத்துவிட்டு வந்து, குப்பை ஒட்டியிருந்த கையுறையை அவசரமாகக் கழற்றப் பார்த்தாள். நனைந்த கையுறை கழலவில்லை.

"இருக்கட்டும்" என்றார் டீச்சர். அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொண்டு கிளைமேல் காலைத் தூக்கி வைத்தார்.